கடலில் தேடினார்கள்... தோட்டத்தில் கிடைத்தது! ஒரே இரவில் காணாமல்போன கிரேக்க நகரம் ஹெலிகே

"கடல்ல முழுகிப்போன நகரத்தைப் பத்தி எழுதுறியா... அப்ப நல்லதா ஒரு அண்டர்வாட்டர் போட்டோ தேடி வைப்பா. நீலக் கடல், உடைஞ்ச தூண், பக்கத்துல ஒரு டைவர்... அந்த மாதிரி!"

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்றதும் டெஸ்க்கில் சீனியர் சொன்னது இது. நானும் தேடினேன். ஆனால், கிடைத்த படங்களிலெல்லாம் பழத்தோட்டங்கள், ஆலிவ் மரங்கள், நடுவே சதுரமாக வெட்டிய ஒரு பள்ளம், அதற்குள் தாழ்வான கற்சுவர்கள். கடலைக் காணோம், டைவரையும் காணோம்.

"இதுல கடல் எங்கப்பா?" என்றார்.

"அதான்ணே கதையே!" என்றேன்.

நிஜமாகவே அதுதான் கதை. கி.மு.373-ம் ஆண்டின் ஒரு குளிர்கால இரவில் ஹெலிகே என்ற கிரேக்க நகரம் மண்ணோடும் மக்களோடும் காணாமல்போனது. அது கடலுக்கு அடியில் கிடக்கிறது என்று பெரிய பெரிய ஆய்வாளர்களே நம்பினார்கள். ஆனால், 2001-ல் அது அகப்பட்டது தரையில். விவசாயிகள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டங்களுக்கு அடியில்!

இத்தனை பேர் தவறான இடத்தில் தேடியது ஏன்? அதற்கு முக்கியமான ஒரு காரணம், ஒரே ஒரு கிரேக்க வார்த்தை.

மேப்பில் எங்கே இருக்கிறது?

கையில்தான் போன் இருக்கிறதே... மேப்பைத் திறந்து கிரேக்க நாட்டுக்குப் போங்கள். தெற்கே விரல்களை விரித்த கைபோல ஒரு பெரிய நிலப்பரப்பு தெரியும். அது பெலொப்பொனீஸ் தீபகற்பம். அதற்கும் வடக்கே உள்ள நிலப்பகுதிக்கும் நடுவில் நீளமாக ஒரு கடல் உள்ளே புகுந்திருக்கும். அதுதான் கொரிந்து வளைகுடா.

வளைகுடாவின் மேற்கு வாசலுக்கு வெளியே பட்ராஸ் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 40 கி.மீ. வந்தால் ஐகியோ என்ற சிறு நகரம். ஐகியோவிலிருந்து இன்னும் 7 கி.மீ. தென்கிழக்கே போனால் ஒருபக்கம் மலை, மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவில் பச்சைப்பசேல் என்று ஒரு சமவெளி. செலினூஸ், கெரினீட்டிஸ் என்ற இரண்டு ஆறுகள் மலையிலிருந்து வண்டல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி உருவாக்கிய நிலம் இது. எலிகி, ரிஸோமிலோஸ் போன்ற சின்னச் சின்ன கிராமங்கள் இங்கே இருக்கின்றன.

ஹெலிகே இருந்தது இந்தச் சமவெளியில்தான். இந்த அளவுக்கு எல்லோருக்கும் எப்போதுமே தெரியும். சமவெளியின் எந்த இடத்தில், கரையிலா கடலிலா என்பதுதான் பல நூற்றாண்டுகளாக யாருக்கும் விடை தெரியாத புதிர்.

ஹோமரே பெயர் சொன்ன ஊர்!

ஹெலிகே ஏதோ பெயர் தெரியாத ஊர் அல்ல. ட்ராய் போருக்கு அரசன் அகமெம்னானின் தலைமையில் போன ஊர்களைப் பட்டியல் போடும்போது, ஹோமரின் 'இலியட்' காவியம் ஹெலிகேயையும் சேர்த்துச் சொல்கிறது. அக்காயா என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதியில் 12 நகரங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. அதற்குத் தலைமை நகரமாக இருந்ததும் ஹெலிகேதான்.

இங்கிருந்து போனவர்கள் வேறு தேசங்களிலும் ஊர்களை உருவாக்கினார்கள். தெற்கு இத்தாலியில் இருந்த சிபாரிஸ் நகரத்தை கி.மு.8-ம் நூற்றாண்டில் நிறுவியவர்கள் அக்காயா பகுதி கிரேக்கர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிப் போனவர் ஒரு ஹெலிகேகாரர் என்பது பழைய குறிப்பு. ஆடம்பர வாழ்க்கைக்குப் பெயர்போன சிபாரிஸை கி.மு.510-ல் எதிரிகள் அழித்தார்கள். ஆற்றைத் திருப்பிவிட்டு ஊரையே மூழ்கடித்ததாகச் சொல்வார்கள். 1960-களில் தொல்லியலாளர்கள் பல மீட்டர் ஆழ வண்டலுக்கு அடியில் அதன் இருப்பிடத்தை உறுதி செய்தார்கள். தாய் நகரத்துக்கு நேர்ந்த அதே கதி, கிளை நகரத்துக்கு 100 ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே நேர்ந்திருக்கிறது!

ஹெலிகேயின் பெருமை என்றால் அது பொசைடன் கோயில்தான். கிரேக்கர்களுக்கு பொசைடன் கடலின் கடவுள். கையில் திரிசூலம் போன்ற ஆயுதம் வைத்திருப்பார். கடலுக்கு மட்டுமல்ல, நிலநடுக்கத்துக்கும் அவர்தான் கடவுள். 'பூமியை உலுக்குபவர்' என்ற பட்டமே அவருக்கு உண்டு. இந்த ஊரில் அச்சடித்த காசுகளில் ஒருபக்கம் பொசைடனின் தலை, மறுபக்கம் சூலாயுதமும் டால்ஃபின்களும் இருக்கும். அந்தக் கடவுளின் பெயரிலேயே ஊருக்கு முடிவு எழுதப்பட்டதாக அன்றைய மக்கள் நம்பினார்கள்.

சிலையைக் கேட்டார்கள்... மறுத்தார்கள்!

ஹெலிகே பகுதியில் முன்னொரு காலத்தில் வாழ்ந்தவர்கள் அயோனியர்கள். பிறகு அங்கிருந்து கிளம்பி, இன்றைய துருக்கியின் மேற்குக் கரைக்குக் குடிபோனார்கள். ஊர் மாறினாலும் குலசாமியை விடாமல், ஹெலிகேயின் பொசைடனையே அங்கும் கும்பிட்டு வந்தார்கள்.

அவர்கள் ஒருநாள் ஹெலிகேவுக்குத் தூதர்களை அனுப்பினார்கள். "உங்கள் கோயிலில் இருக்கும் பொசைடன் சிலையைக் கொடுங்கள். இல்லையென்றால், அதேபோல ஒன்று செய்துகொள்ளவாவது அனுமதி கொடுங்கள்" என்பது கோரிக்கை. 12 நகரங்களின் கூட்டமைப்பு சம்மதித்தும், ஹெலிகே மக்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்களையே வெளியே இழுத்துக் கொன்றார்கள் என்று பவ்சானியாஸ் என்ற பயண எழுத்தாளர் எழுதியிருக்கிறார். சம்பவத்தைச் சொல்பவர்களுக்குள் விவரங்களில் வேறுபாடு உண்டு. ஆனால், 'சாமி குத்தம்' என்பதில் மட்டும் பெரும்பாலும் ஒரே குரல்தான்.

எலிகள் ஊரைவிட்டுப் போன ஐந்து நாள்கள்

பேரழிவுக்கு ஐந்து நாள்கள் முன்பு ஊரில் விநோதமான ஒரு காட்சி. எலிகள், கீரி மாதிரியான பிராணிகள், பாம்புகள், பூரான்கள், வண்டுகள் எல்லாம் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறி, மலைப்பக்கம் போகும் சாலையில் போய்க்கொண்டிருந்தன. ஊர் மக்கள் ஆச்சர்யத்தோடு வேடிக்கை பார்த்தார்கள். காரணம் புரியவில்லை.

இதை எழுதிவைத்தவர் ஏலியானுஸ் என்ற ரோமானியர். விலங்குகளுக்கு நிலநடுக்கம் முன்கூட்டியே தெரியும் என்று பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் முதல் உதாரணமாகச் சொல்வார்கள். ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. ஏலியானுஸ் வாழ்ந்தது சம்பவம் நடந்து 500 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவர் நேரில் பார்த்தவர் அல்ல. விலங்குகளின் நடவடிக்கையை வைத்து நிலநடுக்கத்தை நம்பகமாகக் கணிக்கும் வழி இன்றுவரை அறிவியலிடம் இல்லை.

ஆனால், அந்த இரவில் நடந்ததைப் பற்றிச் சந்தேகமில்லை. அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நள்ளிரவில் பூமி குலுங்கியது. வீடுகள் சரிந்தன. பின்னாலேயே கடல் எழுந்து வந்தது. ஊர் கடலிலிருந்து 12 ஸ்டேடியா தூரம் தள்ளித்தான் இருந்தது. ஸ்டேடியம் என்பது கிரேக்கர்களின் நீள அளவு, ஏறக்குறைய 180 மீட்டர். அப்படியென்றால், ஊருக்கும் கடலுக்கும் இடையே சுமார் 2 கிலோமீட்டர்! அத்தனை தூரமும் நிலம் தண்ணீருக்குள் போனது. துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஸ்பார்ட்டாவின் 10 கப்பல்களும் சேர்ந்தே அழிந்தன என்கிறார் ஏலியானுஸ். பக்கத்திலிருந்த பூரா என்ற ஊரும் அதே சமயத்தில் அழிந்தது.

பொழுது விடிந்ததும் கூட்டமைப்பின் மற்ற நகரங்கள் 2,000 பேரை அனுப்பின. உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்ற அல்ல, இறந்தவர்களின் உடல்களையாவது எடுத்து அடக்கம் செய்ய. அதுகூட முடியவில்லை. ஹெலிகேயின் நிலங்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அப்போது தத்துவ அறிஞர் பிளேட்டோவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். பிற்பாடு அவர் எழுதியதுதான், கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் தீவின் கதை. அவர் காலத்திலேயே நடந்த ஹெலிகே சம்பவம்தான் அந்தக் கற்பனைக்கு விதை போட்டிருக்கும் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீருக்குள் நின்ற சாமி

அழிந்த பிறகும் ஹெலிகே உடனே கண்ணிலிருந்து மறைந்துவிடவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அங்கே போனார் எரட்டோஸ்தனிஸ். பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுச் சொன்ன அதே மேதைதான். அங்கிருந்த படகுக்காரர்கள் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். 'போரோஸில் பொசைடனின் வெண்கலச் சிலை இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. கையில் கடல்குதிரை உருவம் இருக்கிறது. வலை வீசும் மீனவர்களுக்கு அதனால் ஆபத்து' என்பதே அது. இதை ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞர் எழுதிவைத்தார்.

'போரோஸ்'... இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கி.பி. 2-ம் நூற்றாண்டில் அந்த வழியாகப் பயணம் செய்த பவ்சானியாஸ், ஐகியோவிலிருந்து 40 ஸ்டேடியா தூரத்தில் ஹெலிகே இருந்தது என்று குறித்திருக்கிறார். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 7 கி.மீ. தண்ணீருக்குள் இடிபாடுகள் தெரிவதாகவும், உப்பு நீர் அவற்றை அரித்துவிட்டதாகவும் சொல்கிறார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாம் மறைந்துபோனது. பெயர் மட்டும் புத்தகங்களில் மிஞ்சியது.

பிரபலங்கள் நடத்திய தேடுதல் வேட்டை

நவீன காலத்தில் ஹெலிகே மீது தொல்லியலாளர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? பாம்பேயை நினைத்துப் பாருங்கள். கி.பி.79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ரோமானிய நகரம், அன்றைய வாழ்க்கையை அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருந்தது. கிரேக்க நகரங்களுக்கு அந்த யோகம் இல்லை. பெரும்பாலானவற்றின் மேல் அடுத்தடுத்த தலைமுறைகள் கட்டடம் கட்டிக்கொண்டே போய்விட்டன. ஹெலிகே அப்படி அல்ல. சாக்ரடீஸ், பிளேட்டோ வாழ்ந்த காலத்துக் கிரேக்க ஊர் ஒன்று ஒரே இரவில் மூடப்பட்டிருக்கிறது. திறந்தால் எவ்வளவு கிடைக்கும்!

சான்டோரினி தீவில் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்திருந்த அக்ரோத்திரியைத் தோண்டிய ஸ்பிரிடன் மரினாட்டோஸ், 1960-ல் ஹெலிகே பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது உலகத்தின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது. துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைத்துச் செல்லும் கணத்தைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டனும் ஹெலிகே தேடலில் ஆர்வம் காட்டினார். கடல் தரையை ஒலி அலைகளால் ஆராயும் கருவிகளை உருவாக்குவதிலும் அவர் கில்லாடி. கடல் ஆய்வாளர் ஷாக் கூஸ்டோகூட முயற்சி செய்து பார்த்தார். ஊர் கிடைக்கவில்லை.

1988-ல் இரண்டு பேர் கைகோத்தார்கள். ஒருவர் கிரேக்கத் தொல்லியலாளர் டோரா கட்சோனோபுலு. இன்னொருவர் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் சோட்டர். கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' தொலைக்காட்சித் தொடரை அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் இந்த சோட்டர். இருவரும் 'ஹெலிகே ப்ராஜெக்ட்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள்.

முதலில் அவர்களும் செய்தது மற்றவர்கள் செய்ததைத்தான். கரையை ஒட்டிய கடல் தரையை சோனார் கருவியால் ஆராய்ந்தார்கள். நகரத்தின் தடயமே இல்லை.

ஒரு வார்த்தை மாற்றிய திசை

இங்கேதான் அவர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார்கள். 'கடலில் இல்லை என்றால், நாம் படித்ததில் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டோமா?' என்று பழைய குறிப்புகளுக்கே திரும்பிப் போனார்கள்.

எரட்டோஸ்தனிஸிடம் படகுக்காரர்கள் சொன்ன அந்த 'போரோஸ்' ஞாபகமிருக்கிறதா? கிரேக்கத்தில் அதற்குக் கடக்கும் வழி, குறுகலான நீர்ப்பரப்பு என்றெல்லாம் பொருள் உண்டு. 'நீர்ப்பரப்பு என்றால் பக்கத்திலிருக்கும் கொரிந்து வளைகுடாதான்' என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொரிந்து வளைகுடா அகலமானது. சில இடங்களில் ஆழம் 800 மீட்டருக்கும் மேல். கரையிலிருந்து வேகமாகச் சரிந்து ஆழமாகிவிடும் கடல் அது. அதில் ஒரு சிலை நின்றால், மீனவர்களின் வலையில் சிக்குமா?

கட்சோனோபுலு சொன்ன விளக்கம் வேறு. அந்தப் 'போரோஸ்' திறந்த கடல் அல்ல, நிலநடுக்கத்தில் தாழ்ந்துபோன சமவெளிக்குள் தண்ணீர் தேங்கி உருவான ஆழமில்லாத உப்பங்கழி. அதைக் கடக்கத்தான் படகு. அதில் மீன் பிடிக்கத்தான் வலை. அப்படியானால் அந்தக் கழி இப்போது எங்கே? இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் தூர்ந்து, நிலமாகிப்போயிருக்கும். அதன் மேல் இன்று மரங்கள் நிற்கும்!

கடலைவிட்டுவிட்டுக் கரையேறினார்கள்.

போர்வெல் போட்டுத் தேடிய நகரம்

எந்தத் தோட்டத்தில் தோண்டுவது? சமவெளி முழுவதையும் வெட்டிப் பார்க்க முடியாதே. அதனால் 1991-லிருந்து போர்வெல் போடுவதுபோலக் குழாயை இறக்கி, அடியிலிருக்கும் மண்ணை உருளை உருளையாக எடுத்துப் பார்த்தார்கள். பல ஆண்டுகளில் கிட்டத்தட்ட 100 இடங்களில் துளையிட்டார்கள். வந்த மண்ணில் பானை ஓடுகள் இருக்கின்றனவா, எந்த ஆழத்தில் இருக்கின்றன, அந்த மண் ஆற்று மண்ணா, கடல் மண்ணா என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். நிலத்தடியில் புதைந்த சுவர்களைக் காந்தப்புல வேறுபாட்டை வைத்துக் காட்டிக்கொடுக்கும் கருவிகளையும் பயன்படுத்தினார்கள்.

அப்படி ஒரு தோட்டத்துக்கு அடியில் கட்டடம் ஒன்று தெரிந்தது. ஆவலோடு 1995-ல் தோண்டினார்கள். கிடைத்தது ரோமானியர் காலக் கட்டடம். அதாவது, ஹெலிகே அழிந்து சில நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் கட்டியது. தேடியது இது அல்ல. ஆனால், திசை சரி என்று புரிந்தது. பழங்காலச் சாலை ஒன்றும் இந்தச் சமவெளியில் அகப்பட்டது. பவ்சானியாஸ் பயணம் செய்த வழி இதுவாகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2001-ல் ரிஸோமிலோஸ் கிராமத்தின் அருகே அந்த நாள் வந்தது. சில மீட்டர் ஆழத்தில் இடிந்து விழுந்த சுவர்கள், கூரை ஓடுகள், பானைகள். எல்லாம் கி.மு.4-ம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைச் சேர்ந்தவை. அதைவிட முக்கியம், அவற்றை மூடியிருந்த களிமண். அந்த மண்ணை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, உப்பங்கழிகளில் வாழும் மிக நுண்ணிய ஓட்டு உயிரினங்கள் தெரிந்தன. இன்று உலர்ந்த நிலமாக இருக்கும் இடத்தில், இடிந்த வீடுகளின் மேல் ஒரு காலத்தில் கழித் தண்ணீர் நின்றிருக்கிறது. 'போரோஸ்' பற்றிய விளக்கத்துக்கு மண்ணே சாட்சி சொல்லிவிட்டது.

2012-ல், பேரழிவு நடந்த காலத்தின் அடுக்கே வெளிப்பட்டது. உருண்டைக் கற்களும் உடைந்த கூரை ஓடுகளும் பானை ஓடுகளும் கலந்து கிடந்த அடுக்கு அது.

இதற்கிடையே, பக்கத்து கிராமமான நிகொலெய்காவில் கிரேக்கத் தொல்லியல் துறை தோண்டிய இடத்தில், கி.மு.8-ம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, ஒரு முனை வளைந்த கோயிலின் அடித்தளம் கிடைத்தது. ஆனால், கையில் கடல்குதிரையோடு நின்ற அந்த வெண்கல பொசைடன் இன்னும் கிடைக்கவில்லை.

நகரத்துக்கு அடியில் இன்னொரு நகரம்!

தேடாமலே கிடைத்த ஒரு ஆச்சர்யமும் உண்டு. அதே சமவெளியில், ஹெலிகே அழிவதற்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் முன்பு இருந்த ஊர் ஒன்று வெளிப்பட்டது. காலம் கி.மு.2600 முதல் 2300 வரை. கல் பாவிய தெருக்கள், தெருவோரம் வீடுகள், தானியம் சேமிக்கும் பெரிய தாழிகள், தங்கம், வெள்ளியில் செய்த சிறு நகைகள்... ட்ராய் நகரத்தில் கிடைத்ததைப் போன்ற, இரண்டு பக்கமும் நீண்ட கைப்பிடி வைத்த கோப்பையும் கிடைத்தது. வசதியாக வாழ்ந்த ஊர் என்பது பார்த்தாலே தெரிகிறது.

அந்த ஊர் எப்படி அழிந்தது? அதை மூடியிருந்த மண்ணிலும் தண்ணீர் நின்றதற்கான அடையாளம்! அந்த ஊரும் நிலநடுக்கத்தில் சரிந்து, தண்ணீரில் மூழ்கியிருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிற்காலத்தில் ஹெலிகே மக்கள் கோயில் கட்டி பொசைடனைக் கும்பிட்டபோது, தங்கள் காலுக்குக் கீழே ஏற்கெனவே மூழ்கிய ஊர் ஒன்று கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

காரணம் சாமி அல்ல, பூமி!

கொரிந்து வளைகுடா ஐரோப்பாவிலேயே நிலநடுக்கம் அதிகமாக வரும் பகுதிகளில் ஒன்று. வளைகுடாவின் வடகரையும் தென்கரையும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் விலகிக்கொண்டே இருக்கின்றன. தென்கரையின் மலையடிவாரத்தில் பூமிக்குள் ஒரு பிளவு ஓடுகிறது. அதற்கு இன்று 'ஹெலிகே பிளவு' என்றே பெயர். பிளவு அசையும்போது மலைப்பக்கம் உயரும், கடல்பக்கம் இறங்கும். ஹெலிகே இருந்தது இறங்கும் பக்கத்தில்.

அதோடு, அது ஆறுகள் சேர்த்த இளகிய மண். கடற்கரையில் ஈரமணலில் நின்று காலால் தொடர்ந்து தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் கூழாகி, கால் உள்ளே இறங்கும். பெரிய நிலநடுக்கத்தில் ஊர் முழுக்க அதுதான் நடக்கும். நிலம் கூழானது, ஊர் தாழ்ந்தது, கடல் உள்ளே வந்தது. பிறகு ஆறுகள் தங்கள் வேலையைத் தொடர்ந்து, வண்டலைக் கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டன.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1817-ல் இதே கரையில் நிலநடுக்கமும் கடல் பொங்கலும் நடந்தன. 1861 டிசம்பரில் நடந்த நிலநடுக்கத்தில், இதே சமவெளியின் கரையோர நிலம் நீளமாகக் கடலுக்குள் இறங்கியது. ஹெலிகேவுக்கு நடந்ததன் சின்ன மாதிரி! 1995 ஜூன் 15 அதிகாலை. ஐகியோ பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் கட்டடங்கள் இடிந்து 26 பேர் இறந்துபோனார்கள். ஹெலிகேயைத் தேடிக்கொண்டிருந்த அதே வருடம், அதே மண்ணில்.

அப்படியும் மக்கள் ஏன் இங்கேயே வாழ்கிறார்கள்? 4,500 ஆண்டுகளுக்கு முன்பு வந்தவர்களும், ஹெலிகேகாரர்களும், பிறகு ரோமானியர்களும் வந்து குடியேறிய அதே காரணம்தான். நல்ல மண், வற்றாத தண்ணீர், பக்கத்திலேயே கடல். ஒரு பேரழிவுக்கும் அடுத்த பேரழிவுக்கும் நடுவில் பல தலைமுறைகள் நிம்மதியாக வாழ்ந்து முடித்துவிடுகின்றன. நினைவு மங்கிவிடுகிறது.

அந்த நினைவை மண் பத்திரமாக வைத்திருக்கிறது என்பதால்தான் இந்த இடிபாடுகள் முக்கியம். எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்கே பெரிய நிலநடுக்கம் வந்திருக்கிறது, தண்ணீர் எதுவரை ஏறியது என்பதையெல்லாம் இந்த மண் அடுக்குகளிலிருந்துதான் விஞ்ஞானிகள் படிக்கிறார்கள். நாளைக்கு இங்கே வீடு கட்டப்போகிறவர்களுக்குத் தேவைப்படும் தகவல் அது.

கண்டுபிடித்தாலும் ஆபத்து தீரவில்லை. புதிய ரயில் பாதைத் திட்டம், பெருகும் கட்டடங்கள் என்று இந்தச் சமவெளிக்குப் பல நெருக்கடிகள் வந்தன. உலகப் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் 'வேர்ல்ட் மான்யூமென்ட்ஸ் ஃபண்ட்' அமைப்பு, ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலில் 2004-லும் 2006-லும் ஹெலிகேயைச் சேர்த்தது.

போனால் என்ன பார்க்கலாம்?

கிரேக்கத்துக்குப் போகிறவர்கள் ஏதென்ஸின் பார்த்தினான், டெல்ஃபி என்று ஒரு லிஸ்ட் வைத்திருப்பார்கள். அங்கே இருப்பதுபோல ஹெலிகேயிலும் வரிசையாகத் தூண்கள் நிற்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இங்கே நகரம் பூமிக்கு அடியில், பலருடைய தோட்டங்களுக்குக் கீழே துண்டு துண்டாகக் கிடக்கிறது. தோண்டியது கொஞ்சம், தோண்டாதது ஏராளம்.

முதலில் ஐகியோ நகரத்தின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போவது நல்லது. 19-ம் நூற்றாண்டில் கட்டிய பழைய மார்க்கெட் கட்டடத்தைத்தான் மியூசியமாக மாற்றியிருக்கிறார்கள். ஐகியோவைச் சுற்றியுள்ள பகுதியின் பல காலத்துப் பொருள்கள் அங்கே இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு சமவெளிக்கு வந்தால், ஒருபக்கம் மலையையும் மறுபக்கம் கடலையும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஊர் எப்படிப் போனது என்பது தானாகப் புரியும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் சீனியர் கேட்டார். "அப்ப அவ்வளவு பெரிய ஆளுங்க எல்லாம் ஏன்பா கடலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க?"

"நீங்க டைவர் போட்டோ கேட்டீங்கள்ல... அதே மாதிரிதான்ணே. மூழ்கிய நகரம்னு சொன்னதும் மனசுல ஒரு படம் வந்துடுது. அப்புறம் அந்தப் படத்தைத்தான் தேடுறோம்!"

சிரித்தார். கடைசியில் தோட்டத்துப் படத்தையே வைக்கச் சொல்லிவிட்டார்.